இறுக்கமான சேம்பரில் குண்டு எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும்? அளப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். என் ரைஃபிளுக்கு நானே தோட்டா தயாரிக்கிறேன், அதாவது பித்தளைக் கேஸில் பிரைமரும் மருந்தும் வைத்து, அதன் வாயில் குண்டை ஏற்றுகிறேன். .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், இலக்குச் சுடுதலுக்கு மட்டும். அண்மையில் பேரலை மாற்றினேன். புதுப் பேரலின் சேம்பரை (தோட்டா உட்காரும் குழி) மேட்ச் ரீமர் (இறுக்கமான அளவுக்கு வெட்டும் கருவி) வைத்து வெட்டியிருக்கிறார்கள். நெக் (கேஸின் கழுத்து உட்காரும் இடம்) விட்டம் 0.340 அங்குலம் என்று பேரலிலேயே பொறித்திருக்கிறது. த்ரோட்டும் (சேம்பருக்கு முன்னால், பேரலின் வரிகள் தொடங்கும் இடம்வரை உள்ள பகுதி) பழையதைவிடக் குட்டையாகத் தெரிகிறது.

நான் போடுவது 168 கிரெய்ன் எடையுள்ள ஹாலோ பாயிண்ட் (மூக்கில் சிறு துளை), போட் டெயில் (பின்பக்கம் குறுகிய) மேட்ச் குண்டு. பழைய பேரலில் மொத்த நீளம் 2.800 அங்குலம் வைத்து ஏற்றுவேன், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அதே நீளத்துக்கு மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு டம்மி செய்து புதுப் பேரலில் போட்டுப் பார்த்தால், போல்ட் கைப்பிடி இறங்கும்போது கடைசிக் கால்வாசியில் பிடிக்கிறது. அழுத்தினால் மூடிக்கொள்கிறது, ஆனால் அப்படி அழுத்தி மூட மனசு வரவில்லை.

நீளம் அளக்கும் கேஜ் ஒன்று இருக்கிறது. அடியில் மரை போட்ட மாதிரிக் கேஸை அதன் தண்டில் முடுக்கி, குண்டை நெக்கில் தளர்வாக வைத்துச் சேம்பருக்குள் விட்டு, உள்ளே இருக்கும் கம்பியால் குண்டை முன்னால் தள்ளுவோமே, அதுதான். அதில் வரும் நீளத்தைக் கம்பேரட்டர் (மூக்கு வரை இல்லாமல், அடியிலிருந்து குண்டின் வளைவு வரை அளக்க உதவும் துண்டு) மாட்டிய காலிப்பரில் பார்த்தால் ஒருமுறை 2.168, இன்னொருமுறை 2.181, நடுவில் 2.174. எதை எடுத்துக்கொள்வது?

இதே குண்டு போடும் நண்பர், “லேண்டைத் தொடும் அளவு எனக்கு 2.215, நீங்களும் 2.195-இல் தொடங்கலாம்” என்கிறார். (லேண்ட் என்பது பேரலுக்குள் உள்ள திருகு வரிகளின் மேடு.) என் ரைஃபிளுக்கு அது சரிப்படுமா?

பதில் 1

உங்கள் கேஜ் சொல்வது சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு சுத்தம் செய்யும் கம்பி போதும்.

ரைஃபிள் காலி என்பதை உறுதி செய்துகொண்டு, போல்ட்டை காக் ஆன நிலையில் மூடுங்கள். அப்போது ஃபயரிங் பின் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். முனை தட்டையாக உள்ள கம்பியை பேரலின் வாய் வழியாக விட்டு, போல்ட் முகத்தில் முட்டும்வரை தள்ளுங்கள். பேரல் வாய் விளிம்போடு சேர்த்துக் கம்பியில் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். அப்புறம் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு குண்டைச் சேம்பர் வழியாக த்ரோட்டுக்குள் நழுவ விட்டு, பின்னாலிருந்து ஒரு மரக்குச்சியால் லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். கம்பியை மறுபடி வாய் வழியாக விட்டால் இப்போது குண்டின் மூக்கில் முட்டும். அங்கே இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரம்தான், அந்தக் குண்டு லேண்டைத் தொட்டு நிற்கும்போது தோட்டாவின் மொத்த நீளம்.

ஹாலோ பாயிண்ட் குண்டுகளின் மூக்கு ஒன்றுபோல் இருக்காது. அதனால் எந்தக் குண்டை வைத்து அளந்தீர்களோ, அதே குண்டை ஒரு கேஸில் அந்த நீளத்துக்கு ஏற்றி, பிறகு கம்பேரட்டரில் பாருங்கள். வேறு குண்டை எடுத்து ஏற்றினால் கணக்கு உதைக்கும்.

பதில் 2

நண்பரே, நான் டூல் ரூமில் அளவு பார்க்கும் வேலையில் இருந்தவன். தோட்டா ஏற்றுவதும் பல வருடப் பழக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பட்டது இதுதான்: 2.168-ஆ, 2.181-ஆ என்பதை அப்புறம் பார்க்கலாம். கைப்பிடியைப் பிடித்து நிறுத்துவது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். குண்டுதான் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். இறுக்கமான சேம்பரில் குண்டு மட்டும்தான் முட்டும் என்று சொல்ல முடியாது. ஷோல்டர் (கேஸ் நெக்காகச் சுருங்கும் சரிவு) முட்டலாம், நெக் பிடிக்கலாம், கேஸின் வாய் போய் இடிக்கலாம். நான்கும் கைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின் அசெம்ப்ளியைக் கழற்றி எடுங்கள். பிளஞ்சர் வகை எஜெக்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதன் ஸ்பிரிங் கேஸை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதால் கைக்கு எதுவும் பிடிபடாது. இரண்டையும் எடுத்தபின் காலிச் சேம்பரில் போல்ட்டை முன்னால் தள்ளினால், கைப்பிடி தன் கனத்திலேயே கீழே விழும். அந்த விழுதல்தான் இனி உங்கள் அளவுகோல். எவ்வளவு சுலபமாக விழுகிறது என்று கைக்கு நன்றாகப் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

அப்புறம் சைஸ் செய்த (டையில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்த) ஒரு காலிக் கேஸ். குண்டும் இல்லை, பிரைமரும் இல்லை. எக்ஸ்ட்ராக்டருக்கு (கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) அடியில் விளிம்பைச் செருகி உள்ளே விடுங்கள். கைப்பிடி விழவில்லை என்றால் குண்டைத் தொடவே வேண்டாம், பிரச்சினை கேஸில் இருக்கிறது. நீளத்தைப் பாருங்கள். .308-க்கு அதிகபட்சம் 2.015, வெட்டிவிடும் அளவு 2.005. அதைத் தாண்டியிருந்தால் கேஸின் வாய் சேம்பர் நெக்கின் முடிவில் போய் முட்டி, குண்டைச் சுற்றி மடியப் பார்க்கும். சுடும்போது குண்டை விட முடியாமல் அழுத்தம் எகிறும். நீளம் சரி என்றால் ஷோல்டர்தான். சைசிங் டையை இன்னும் கொஞ்சம் இறக்கி, ஷோல்டரை ஓரிரு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பின்னால் தள்ளுங்கள். கைப்பிடி விழத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் தள்ள வேண்டியதில்லை.

காலிக் கேஸுக்குக் கைப்பிடி விழுகிறதா? சரி, இப்போது அதே கேஸில் ஒரு குண்டை வேண்டுமென்றே ஆழமாக, 2.750 போல ஏற்றிப் பாருங்கள். லேண்டை எட்டவே எட்டாது என்று தெரிந்த நீளம் அது. இப்போது கைப்பிடி பிடித்தால் காரணம் நெக். குண்டு உள்ளே போனதும் நெக் விரிந்திருக்கிறது, சேம்பர் நெக்கின் சுவரை உரசுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பேரலில் 0.340 என்று பொறித்திருக்கிறது. சாதாரணச் சேம்பரில் நெக் 0.344 அளவில் இருக்கும். எந்தக் கம்பெனி கேஸ் போட்டாலும் இடம் மிச்சம். உங்களுடையதில் அந்தத் தாராளம் இல்லை. குண்டு 0.308. கேஸ் நெக்கின் சுவர் 0.015 தடிமன் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.030, மொத்தம் 0.338. மிச்சம் 0.002. சுவர் 0.016 ஆனால் 0.340. மிச்சமே இல்லை. சுடும்போது நெக் வெளியே விரிந்தால்தான் குண்டு பிடியிலிருந்து விடுபடும். விரிய இடமே இல்லையென்றால் குண்டு சிக்கி நிற்க, பின்னால் அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போகும். ஆகவே ஏற்றிய தோட்டாவின் நெக்கை வெளிப்பக்கம் மைக்ரோமீட்டரில் அளங்கள். இந்த அளவுக்குக் காலிப்பர் போதாது. திரையில் எத்தனை இலக்கம் காட்டினாலும் கடைசி ஆயிரத்தில் ஒன்றில் அதற்குத் தடுமாற்றம் உண்டு. நெக்கில் இரண்டு மூன்று இடத்தில், தோட்டாவைத் திருப்பித் திருப்பி அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 0.338-ஐத் தாண்டினால் அந்தக் கேஸை அப்படியே இந்தச் சேம்பரில் சுடாதீர்கள்.

சுட்ட கேஸ் கைவசம் இருந்தால் இன்னொரு சோதனை: சைஸ் செய்யாமல், அதன் வாயில் புதுக் குண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். தானாக உள்ளே நழுவ வேண்டும். நழுவாமல் பிடித்தால் நெக்குக்கு விரிய இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆழமாக ஏற்றிய டம்மிக்கும் கைப்பிடி விழுந்தால்தான் மிச்சமிருப்பது குண்டும் லேண்டும். இப்போது இன்னொரு டம்மியை நீளமாக, கைப்பிடி நிச்சயம் பிடிக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். அதை 0.002 அங்குலமாக உள்ளே இறக்கி இறக்கி, ஒவ்வொரு முறையும் போல்ட்டை மூடிப் பாருங்கள். முதலில் கைப்பிடி நடுவிலேயே நிற்கும். அப்புறம் கடைசிவரை வந்து லேசாகத் தயங்கும். திறக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னப் பிடி கைக்குத் தெரியும், அது குண்டு லேண்டிலிருந்து விடுபடுவது. இன்னும் இறக்கினால் ஒரு கட்டத்தில் அந்த ‘டிக்’ போய்விடும், காலிச் சேம்பரில் விழுந்த மாதிரியே கைப்பிடி விழும். அந்த அளவுதான் தொடும் அளவு. கையால் தள்ளும் கேஜைவிட இதை நான் நம்புகிறேன். கேஜில் தள்ளுவது நம் விரல், ஒவ்வொரு தடவையும் ஒரே பலத்தில் தள்ளுவது கஷ்டம். இதில் அந்தத் தொல்லையே இல்லை.

டம்மிகளை மார்க்கரால் முழுக்கக் கறுப்படித்துத் தனிப் பெட்டியில் வையுங்கள். லேண்ட் தொட்டிருந்தால் கறுப்பில் சின்னச் சின்னச் சதுரக் கீறல்கள் சம இடைவெளியில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் நீளக் கீறல் என்றால் அது உள்ளே போகும்போது உரசியது, கணக்கில் சேராது. அளக்கும் நேரத்தில் மேஜையில் மருந்து டப்பாவும் பிரைமரும் இருக்கவே கூடாது.

இனி உங்கள் கேஜ் எண்களைப் பார்ப்போம். 2.168-க்கும் 2.181-க்கும் 0.013 வித்தியாசம். அது தள்ளும் பலத்தில் வருவது. பலமாகத் தள்ளினால் குண்டு லேண்டுக்குள் கொஞ்சம் ஏறிவிடும், நீளம் கூடித் தெரியும். கம்பியை விரல் நுனியால் மெல்லத் தள்ளி, குண்டு நின்றதும் விட்டுவிடுங்கள். மாதிரிக் கேஸின் ஷோல்டர் சேம்பரில் முழுக்கப் போய் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா அளவையும் ஒரே குண்டை வைத்து எடுங்கள். குண்டுக்குக் குண்டு உள்ள வித்தியாசம் வேறு, தள்ளுவதில் வரும் வித்தியாசம் வேறு. இரண்டும் கலந்தால் எது எது என்று தெரியாது. மென்மையாகத் தள்ளும்போது எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும், அந்தக் கூட்டம்தான் நிஜம்.

கேஜில் இன்னொரு சங்கதி. கடையில் வரும் மாதிரிக் கேஸ் உங்கள் சேம்பரில் சுட்டு விரிந்தது இல்லை. அதன் ஷோல்டர் உங்கள் கேஸ்களின் ஷோல்டரைவிடக் குட்டையாக இருக்கலாம். ஷோல்டர் அளக்கும் கம்பேரட்டரில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். மாதிரிக் கேஸ் 0.004 குட்டை என்றால், ஷோல்டர் முட்டும்போது அதன் அடிப்பாகம் 0.004 முன்னால் போய் நிற்கும். கேஜ் காட்டும் நீளமும் அதே 0.004 குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் சேம்பரிலேயே சுட்ட கேஸ் ஒன்றின் அடியில் துளை போட்டு, 5/16-36 மரை வெட்டி, சொந்தமாக ஒரு மாதிரிக் கேஸ் செய்துகொண்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

நண்பர் சொன்ன 2.215-ஐ அப்படியே ஓரமாக வையுங்கள். கம்பேரட்டர் குண்டின் வளைவில் எங்கே உட்காருகிறது என்பது அதன் துளையின் விட்டத்தையும் விளிம்பையும் பொறுத்தது. ஒரே பெயர் போட்ட இரண்டு இன்சர்ட்டுகளே (கம்பேரட்டரில் மாட்டும் துளைத் துண்டு) சில ஆயிரத்தில் பங்கு வேறுபடும். உங்கள் பேரலில் லேண்ட் குண்டைத் தொடும் இடம் இன்னும் வேறு. அவர் எண் அவருடைய இன்சர்ட், அவருடைய த்ரோட், அவருடைய குண்டு மூன்றும் சேர்ந்தது. அவர் 2.195-இல் ஏற்றினால் லேண்டிலிருந்து 0.020 தள்ளி நிற்கிறார். நீங்கள் 2.195-இல் ஏற்றினால் லேண்டுக்குள் சொருகி நிற்பீர்கள். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது அந்த 0.020 மட்டும்தான்.

கேட்டவர்

அண்ணா, ரொம்ப நன்றி. சொன்னபடியே செய்தேன்.

ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் எடுத்த பிறகு கைப்பிடி விழுகிற சுகமே தனி. காலிக் கேஸுக்கும் அப்படியே விழுந்தது. கேஸ் நீளம் 2.006. 2.750-இல் ஏற்றிய முதல் டம்மிக்கு லேசாகத் தயங்கியது. குண்டு எட்டாத நீளத்தில் எப்படித் தயங்கும் என்று நெக்கை மைக்ரோமீட்டரில் பார்த்தால் 0.3395. என்னிடம் இரண்டு கம்பெனிக் கேஸ்கள் இருக்கின்றன. இன்னொரு கம்பெனிக் கேஸில் ஏற்றி அளந்தால் 0.3375. அதற்குக் கைப்பிடி தங்கு தடையில்லாமல் விழுந்தது.

அந்த மெல்லிய கேஸில் நீளமாக ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். திறக்கும்போது நீங்கள் சொன்ன ‘டிக்’ தெளிவாகவே தெரிந்தது. 2.172-இல் அது போய்விட்டது. பழைய 2.800 தோட்டாவைக் கம்பேரட்டரில் வைத்தால் 2.190 காட்டுகிறது. அப்படியானால் அது லேண்டுக்குள் 0.018 ஏறி நின்றிருக்கிறது, தடித்த கேஸ் வேறு. கேஜில் விரல் நுனியால் தள்ளியபோது எண்கள் 2.168-ஐச் சுற்றியே வந்தன. மாதிரிக் கேஸின் ஷோல்டர் என் கேஸைவிட 0.004 குட்டை. கூட்டினால் அதே 2.172!

இரண்டு கேள்வி. தடித்த கேஸ்களை என்ன செய்யலாம்? 2.172 தெரிந்துவிட்டது, எங்கே தொடங்கலாம்?

பதில் 3

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு நுணுக்கமாகத் தொடும் அளவைத் தேட வேண்டுமா என்பது என் எண்ணம். குண்டு லேண்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத் தாளில் விழும் ஓட்டைகள் பார்ப்பதில்லை. லேண்டுக்கு வெளியே பத்திரமான ஒரு இடத்தில் தொடங்கி, ஆழத்தை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்து, எங்கே ஓட்டைகளின் கூட்டம் சுருங்குகிறதோ அங்கே நிற்பதுதான் வேலை. நீண்ட ஃப்ரீபோர் (லேண்டுக்கு முன் உள்ள வெற்று நீளம்) வைத்து வெட்டும் வெதர்பி சேம்பர்களில் குண்டு லேண்டைத் தொடவே வெகுதூரம் பாய வேண்டும், அவையும் நன்றாகத்தான் சுடுகின்றன.

168 கிரெய்ன் மேட்ச் குண்டுகள் பெரும்பாலும் டேன்ஜென்ட் ஓஜைவ் (ஓஜைவ் என்பது மூக்குப் பக்க வளைவு) வகை. வளைவு உடலோடு சீராகச் சேரும், ஆழத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. வளைவு உடலோடு சீராகச் சேராத சீகன்ட் ஓஜைவ் உள்ள, நீளமான வி.எல்.டி. (காற்றுத் தடை மிகக் குறைந்த) வகைக் குண்டு என்றால் வேறு கதை. அவை ஆழத்துக்கு ரொம்ப உணர்ச்சிவசப்படும். அவற்றுக்கு லேண்டிலிருந்து 0.010, 0.050, 0.090, 0.130 என்று பெரிய எட்டுகளாக வைத்துச் சோதிப்பதுதான் பலன் தரும், ஆயிரத்தில் ஒன்று இரண்டு என்று நகர்ந்தால் நல்ல இடம் கண்ணிலேயே படாமல் போகலாம்.

உங்களுக்கு 0.020 தள்ளி, அதாவது 2.152-இல் தொடங்குங்கள்.

பதில் 2 எழுதியவர்

மேலே நண்பர் சொன்ன சோதனை முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த ஆழம் நன்றாகச் சுடும் என்று காலிப்பர் சொல்லாது, இலக்குத் தாள்தான் சொல்லும். ஆனால் தொடும் அளவை நான் தேடுவது துல்லியத்துக்காக இல்லை, எல்லை தெரிவதற்காக. “பத்திரமான ஒரு இடத்தில் தொடங்கி” என்கிறார். சேம்பர் தாராளமாக இருந்தால் கையேட்டு நீளமே பத்திரமான இடம். எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. (தோட்டா, துப்பாக்கி அளவுகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) தரத்தில் .308-க்கு அதிகபட்ச மொத்த நீளம் 2.810. கேட்டவருடைய 2.800 அதற்குள்தான் இருந்தது, இருந்தும் இந்தப் பேரலில் 0.018 உள்ளே ஏறிவிட்டது. பத்திரம் எங்கே என்று அளக்காமல் எப்படித் தெரியும்?

லேண்டில் குண்டு முட்டி நின்றால் இரண்டு தொல்லை. ஒன்று, குண்டு நகரத் தொடங்கும் முன்பே தடை இருப்பதால் அழுத்தம் கூடும். 0.020 தள்ளி நிற்கும்போது சரியாக இருந்த மருந்தளவு, முட்டி நிற்கும்போது கூடுதலாகிவிடும். இரண்டு, சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டி வந்தால், குண்டு பேரலிலேயே தங்கி, கேஸ் மட்டும் கையோடு வரும். மருந்து முழுக்க ஆக்‌ஷனுக்குள் கொட்டும். போட்டியில் நடுவர் ‘நிறுத்து’ என்றதும் அவசரமாக போல்ட்டைத் திறக்கும்போது இப்படி ஆவதுண்டு. குண்டை வேண்டுமென்றே லேண்டில் முட்ட வைத்துச் சுடுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் மருந்தைக் குறைத்துத் தொடங்கி, அந்த நிலையிலேயே படிப்படியாக ஏற்றியவர்கள்.

தம்பி, 2.152 நல்ல தொடக்கம். மொத்த நீளம் 2.762 அளவில் வரும், மேகஸினில் இடம் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பழைய பேரலில் போட்ட மருந்தளவை அப்படியே கொண்டுவராதீர்கள். குண்டு ஆழமாக உட்காருவதால் கேஸுக்குள் இடம் குறைகிறது, சேம்பரும் மொத்தத்தில் சிறியது, பேரலும் புதிது. கையேட்டின் தொடக்க அளவுக்குப் போய் அங்கிருந்து ஏறி வாருங்கள். ஏற்றும்போது நறநறவென்று மருந்து நெரியும் சத்தம் கேட்டால் அது அழுத்திய சார்ஜ். அதில் ஏற்றிய குண்டு ராத்திரியில் மெல்ல மேலே எழும்பி நிற்பதும் உண்டு. மறுநாள் ஒருமுறை அளந்து பாருங்கள்.

தடித்த கேஸ்களைத் தூக்கிப் போட வேண்டாம். நெக் டர்னிங் (நெக்கின் வெளிச்சுவரைச் சீவுவது) செய்தால் பயன்படும். சுவரில் 0.001 சீவினால் விட்டத்தில் 0.002 குறையும், 0.3395 என்பது 0.3375 ஆகிவிடும். சீவும்போது வெட்டும் பல் ஷோல்டரை லேசாகத் தொடும்வரை போகட்டும். இல்லாவிட்டால் நெக்கும் ஷோல்டரும் சேரும் இடத்தில் தடிப்பு ஒரு வளையமாக மிஞ்சும். குட்டை த்ரோட்டுக்காகக் குண்டை ஆழமாக இறக்கும்போது, அதன் உடல் அந்த வளையத்துக்குள் போனால் அங்கே நெக் வெளியே புடைக்கும். வாய்ப்பக்கம் அளந்தால் 0.3375 காட்டும், அடியில் மட்டும் பிடிக்கும். அதனால்தான் நெக்கில் பல இடங்களில் அளக்கச் சொன்னேன். சீவும்வரை அந்தக் கேஸ்களை வேறு நிறப் பெட்டியில், மூடியில் ‘0.340 பேரலுக்கு இல்லை’ என்று எழுதி வையுங்கள். அந்தக் கேஸின் அடியில் உள்ள முத்திரையை எல்லாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

சீட்டிங் டையையும் (குண்டைக் கேஸில் ஏற்றும் டை) ஒரு பார்வை பாருங்கள். அதன் ஸ்டெம் (குண்டைத் தள்ளும் தண்டு) குண்டின் மூக்கில் முட்டக் கூடாது, வளைவின் பக்கவாட்டில் வளையமாகப் பிடிக்க வேண்டும். ஸ்டெம்மை எடுத்து, அதற்குள் ஒரு குண்டைச் செருகி லேசாகத் திருகிப் பாருங்கள், எங்கே பிடிக்கிறது என்று வளையத் தடம் காட்டும். மூக்கில் முட்டினால் மொத்த நீளம் ஒழுங்காக வரும், அடியிலிருந்து வளைவு வரையிலான அளவு ஆடும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அளக்கும்போது இன்சர்ட் மாட்டியபின் காலிப்பரைப் பூஜ்யமாக்கி, தோட்டாவைத் தாடைகளுக்கு நடுவே லேசாக உருட்டி, குறைந்த எண் வரும் இடத்தில் படியுங்கள். சாய்ந்து நின்றால் எண் கூடித்தான் காட்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் நீளமாகவே ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் அளந்து மிச்சத்தை இறக்குவது நல்லது. ஆழமாகப் போன குண்டை வெளியே இழுப்பதைவிட அது சுலபம்.

கேட்டவர்

புரிந்தது அண்ணா. கேஸ்களை இன்றைக்கே பிரித்து வைத்துவிட்டேன். கடைசியாக ஒன்று: இதே குண்டில் புது லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) வாங்கினால், அல்லது வேறு எடைக்குப் போனால், 2.172 நிற்குமா?

பதில் 2 எழுதியவர்

வேறு எடை, வேறு வடிவம் என்றால் நிற்காது. முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான். வளைவு மாறினால் கம்பேரட்டர் தொடும் இடத்துக்கும் லேண்ட் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளியும் மாறிவிடும், கழித்துக் கூட்டி ஊகிக்க முடியாது.

அதே குண்டு, புது லாட் என்றால், பழைய லாட்டிலும் புதிதிலும் சிலவற்றை எடுத்து, குண்டை மட்டும் அடியிலிருந்து வளைவு வரை அளந்து பாருங்கள். ஒத்துப்போனாலும் ஒரு டம்மி செய்து, கழற்றிய போல்ட்டில் 2.172-இல் கைப்பிடி விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அளந்த அந்த டம்மியைக் கலைக்காமல், அதில் போட்ட குண்டின் கூடப் பிறந்தது ஒன்றையும் உறையில் போட்டு வையுங்கள். சுடச் சுட வெப்பத்தில் த்ரோட் அரிக்கப்பட்டு லேண்ட் முன்னால் நகரும். சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு அதே குண்டை வைத்து அளந்தால் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். நகர்ந்த அளவுக்குக் குண்டையும் நீட்டிக்கொண்டே போக வேண்டுமா, நன்றாகச் சுடும்வரை விட்டுவிடலாமா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. நான் தாளில் ஓட்டைகளின் கூட்டம் விரியத் தொடங்கும்வரை கை வைப்பதில்லை.

நோட்டில் 2.172 என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இன்சர்ட், எந்தக் குண்டு, எந்த லாட், எந்தக் கம்பெனிக் கேஸ், அதுவரை பேரலில் சுட்டது எத்தனை என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். இன்சர்ட் தொலைந்து புதிது வாங்கினால், அந்தப் பழைய டம்மியைப் புது இன்சர்ட்டில் அளந்து, வரும் எண்ணை எழுதி, 2.172-ஐ அடித்துவிடுங்கள்.